மிச்சம் இரண்டு பேப்பர்: பத்தொன்பது வருடம் இழுத்த ஒரு வெளிவாரிப் பட்டம்

2023 ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரமாகப் பார்த்து அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிலிசிலி பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள், போட்டோ கொப்பிக் கட்டு, காலாவதியான ஒரு மாணவர் அட்டை. அட்டைப் படத்தில் அவருக்கு இருபது வயது. என் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு முப்பத்தேழு.

"சேர், இது இனி சரிவருமா, இல்ல தூக்கிப் போட்டுறவா? அத மட்டும் சொல்லுங்க."

நான் புவியியல் பாடத்துக்குச் சேவைக்கால ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் படிப்பிக்கும் பலர் இப்படிப் பையோடு வருவார்கள். வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்து, பாதி எழுதி, நடுவில் நின்றுபோனவர்கள். அவர்களில் இவருடைய கதையை விரிவாக எழுதக் காரணம், பட்டம் நின்றுபோக என்னென்ன உண்டோ அவ்வளவும் இந்த ஒரு பைக்குள் இருந்தது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், தோட்டம், பல்கலைக்கழகம் மூன்றையும் விட்டுவிடுகிறேன். இங்கே அவர் 'டீச்சர்'. ஊரிலும் அப்படித்தான்.

எப்படி இவ்வளவு இழுத்தது

2005 உயர்தரத்தில் கலைப்பிரிவு, மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளி, வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு ஒன்று. டவுண் பாடசாலையில் படித்து மூன்று டியூஷன் போன பிள்ளையும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் குப்பி விளக்கில் படித்த பிள்ளையும் ஒரே வரிசை. டீச்சருடைய தோட்டத்துப் பாடசாலையில் உயர்தரமே கிடையாது. பஸ் ஏறித்தான் படித்தார். தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1970களில் என்பதை வைத்துப் பார்த்தால், அவருடைய அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றதில் ஆச்சரியமில்லை.

2006இல் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்தார். தமிழ், இந்து நாகரிகம், புவியியல். பதிவுக் காசு அம்மா போட்ட சீட்டில் வந்தது. வெளிவாரி என்றால் பதிவதும் பரீட்சை எழுதுவதும்தான் பல்கலைக்கழகத்தோடு உள்ள தொடர்பு. படிப்பதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். வார இறுதியில் எப்போதாவது கருத்தரங்கு, டவுணில் தனியார் வகுப்பு, அதற்கு மேல் யாரோ ஒருவருடைய நோட்ஸ். 2008இல் முதலாம் கட்டத் தகுதிகாண் பரீட்சையை, ஊரில் எல்லோரும் சொல்கிற ஜீ.ஏ.கியூவை, ஒரே தடவையில் பாஸ் பண்ணினார். அப்போது தோட்டத்தில் அவர் ஒருத்திதான்.

2009இல் அப்பாவுக்குப் பாரிசவாதம். தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டிக்கொண்டிருந்த மனிதர் அப்படியே சாய்ந்தார். டீச்சர் கொழும்பில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போனார். இரண்டு வருடம். 2011இல் இரண்டாம் கட்டப் பரீட்சைக்கு அங்கிருந்துதான் வந்து எழுதினார். எழுதியதற்கும் பெறுபேறு வந்ததற்கும் இடையில் ஒன்றரை வருடம். அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. 2013இல் மூன்றாம் கட்டத்தில் மூன்று பேப்பர் எழுதினார். நான்காவது பேப்பர் அன்று வாந்தி, எழும்ப முடியவில்லை. மகள் வயிற்றில்.

2015இல் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். உயர்தரத் தகுதி போதும். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பிறகு 10,000 ஆக்கினார்கள். அந்தக் காசில் பஸ்ஸுக்கும் சாரிக்கும் போக மிச்சம் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பாடசாலை வேலை. கொழும்புக் கடையை விட மேல். அப்புறம் இரண்டு வருடம் ஆசிரியர் கலாசாலைப் பயிற்சி. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனார்.

2019இல் திரும்ப ஒரு முயற்சி, நான்கு பேப்பர். அதன் பெறுபேறு வருவதற்குள் கொரோனா வந்துவிட்டது. 2022இல் பொருளாதார நெருக்கடி, எண்ணெய் வரிசை, பாடசாலை பூட்டு. பல்கலைக்கழகம் என்ற பேச்சே வீட்டில் நின்றுபோனது.

இதை அடுக்கிச் சொல்லும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது, எல்லாம் நியாயமான காரணம். ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. 2013க்கும் 2019க்கும் நடுவில் ஆறு வருடம், 2020இலிருந்து 2023 வரை மூன்று வருடம், அவர் அந்தப் பையைத் திறக்கவே இல்லை. நேரமில்லை என்பது காரணமில்லை, கலாசாலையில் அவர் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறார். பையைத் திறந்தால் என்ன இருக்குமோ என்ற பயம். தோட்டத்தில் ஜீ.ஏ.கியூ. பாஸான முதல் பிள்ளை என்று கோயில் திருவிழாவில் மாலை போட்டவர்கள், "எப்பம்மா டிகிரி?" என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையும் விட்டுவிட்டார்கள். கேட்காமல் விட்டதுதான் அவரை அதிகமாகச் சுட்டிருக்கிறது.

2023இல் அவரைக் கிளப்பியது ஒரு வட்ஸ்அப் தகவல். பழைய பாடத்திட்டத்தில் பதிந்தவர்களுக்கு இதுவே இறுதி வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் போட்ட அறிவித்தலை யாரோ படம் எடுத்து ஆசிரியர் குழுவில் போட்டிருந்தார்கள்.

நான் செய்த தவறு

முதல் நாளே நான் ஒரு பெரிய பிழை விட்டேன். "எத்தனை பேப்பர் மிச்சம்?" என்று கேட்டேன். "ஏழோ எட்டோ இருக்கும் சேர்" என்றார். நானும் நம்பிவிட்டேன். சரி, பழைய பாடத்திட்டத்தில் எட்டுப் பேப்பரை ஒரே தடவையில் எழுதுவது நடக்கிற காரியமில்லை. இதை விட்டுவிட்டுத் திறந்த பல்கலைக்கழகத்தில் புதிதாகப் பதியுங்கள் என்று சொன்னேன். 1980இல் தொடங்கியது, வேலை செய்துகொண்டு படிப்பவர்களுக்காகவே அமைத்தது, ஹட்டனிலேயே கற்கை நிலையம் இருக்கிறது, பாடப் புத்தகத்தைக் கையில் தருவார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இவருக்குப் பொருந்தாத உண்மை. பூச்சியத்திலிருந்து தொடங்கினால் இன்னும் மூன்று வருடத்துக்குக் குறையாது. அவரும் விண்ணப்பம், கட்டணம், பாடத்தெரிவு என்று அலைந்தார். கிட்டத்தட்ட நான்கு மாதம் போனது.

டிசம்பரில், விண்ணப்பத்துக்கு வேண்டுமென்று பழைய பெறுபேறுகளைக் கேட்டேன். "பைல இருக்கிறதுதான் சேர், 2019து மட்டும் வீட்டுப் பெட்டில இருக்கு" என்றார். ஏன் அதை மட்டும் பையில் வைக்கவில்லை என்று கேட்டபோது பதில் இல்லை.

தகரப் பெட்டியில் இருந்த தாள்

தோட்டத்துக்குத் தபால் வருகிற விதம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. லய வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், அவ்வளவுதான். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துவிட வேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்து வேலையை இழந்தவர்களை எனக்குத் தெரியும். 2019 பெறுபேற்றுக் கடிதம் 2020 ஊரடங்கு நேரத்தில் வந்து, சில மாதம் எங்கோ கிடந்து, ஒரு மூலை நனைந்து அவர் கைக்கு வந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாலாக மடித்த தாள். மடிப்பு அவ்வளவு இறுக்கம், இரண்டாம் தடவை திறந்த அடையாளமே இல்லை. விரித்தேன். முதல் வரி: பௌதிகப் புவியியல், எஃப். அதற்குக் கீழே மடிப்பு. மடிப்புக்குக் கீழே மூன்று வரி. சி, சி பிளஸ், பி.

"டீச்சர், இதக் கீழ வரைக்கும் வாசிச்சீங்களா?"

அவர் தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். விரலை ஒவ்வொரு வரியாக வைத்தார். மூன்றரை வருடமாக நான்கும் பெயில் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். முதல் வரியில் எஃப் பார்த்தவுடன் மடித்து, பெட்டிக்குள், கல்யாணச் சேலைக்குக் கீழே வைத்துவிட்டார். வீட்டில் யாருக்கும் சொல்லவும் இல்லை.

அன்றைக்குத்தான் ஒரு கொப்பியில் கோடு போட்டு, பாடம் பாடமாக, எந்த வருடம் எழுதியது, என்ன பெறுபேறு, அத்தாட்சி எந்தத் தாள் என்று எழுதினோம். எழுத அரை மணித்தியாலம் போனது. மிச்சம் இரண்டு: அந்தப் பௌதிகப் புவியியல், அப்புறம் 2013இல் எழுதாமல் விட்ட தமிழ் இலக்கணப் பேப்பர். இதை ஓகஸ்டிலேயே செய்திருக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு ஆலோசனை சொன்னவன், தாளைப் பார்க்காமல் வாய்க்கணக்கை நம்பினேன். அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதலில் பையைக் கொட்டச் சொல்கிறேன். மற்ற எல்லாப் பேச்சும் பிறகு.

ஒரு 'எச்' எழுத்து

மிச்சம் இரண்டுதான் என்று தெரிந்ததும் எனக்கு வந்த உற்சாகம் பதிவுப் புதுப்பிப்பில் போய் மோதியது. பதிவு காலாவதியாகி வருடக்கணக்கு. விடுபட்ட வருடங்களுக்கான கட்டணத்தைக் கட்டி, கால நீடிப்புக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அது செனட் சபை வரை போய் அனுமதி வாங்கி வரும். காசு அவருடைய சம்பளத்தில் பாதிக்கு மேல். அதைக் கட்டிவிட்டார். அம்மா ரிட்டயர் ஆன பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார், அவர் கொஞ்சம் கொடுத்தார். சிக்கல் பெயரில் வந்தது.

தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்பை நிர்வாகம்தான் பதிவுக்கு அறிவிக்கும். அப்பா வாயால் சொன்ன பெயரைக் கிளாக்கர் தன் காதுக்குக் கேட்டபடி எழுத, பதிவாளர் அதைச் சிங்களத்தில் எழுத, பிறகு அடையாள அட்டைக்கு அது ஆங்கிலத்துக்குப் போகும். மூன்று மொழி தாண்டி வருகிற பெயர் அப்படியே வந்து சேர்வதில்லை. டீச்சருடைய அடையாள அட்டையில் பெயரின் நடுவே ஆங்கில 'எச்' ஒன்று இருந்தது. பல்கலைக்கழகப் பதிவில் இல்லை. போதாததற்கு, பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயராக அவரைக் கூப்பிடும் பெயர் இருந்தது. பாடசாலையில் முதலெழுத்தாகப் போட்டதோ அவருடைய முழுப்பெயரின் எழுத்து.

"இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு அத்தாட்சி தாருங்கள்" என்று பதில் வந்தது. அதில் தப்புச் சொல்ல முடியாது, அவர்களுக்கு அது வழமை. கிராம உத்தியோகத்தரிடம் கடிதம், சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி, பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் அமைய லீவு. பாடசாலையில் அதிபர் முகம் சுளிக்கத் தொடங்கினார். சத்தியக் கடதாசியை மூன்று பிரதி எடுக்கச் சொன்னேன். எதற்கு மூன்று என்று கேட்டார். எடுத்து வையுங்கள் என்றேன்.

அனுமதி 2024 ஏப்ரலில் வந்தது. பரீட்சை ஜூனில் என்றார்கள். மே 2ஆம் திகதி நாடு முழுக்கப் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. பரீட்சை ஒக்டோபருக்குப் போனது. டீச்சர் சோர்ந்துபோனார், நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். புவியியலுக்கு அந்த நாலு மாதம் எங்களுக்குத் தேவைப்பட்டது.

போன் காற்று

இலக்கணப் பேப்பரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் பத்தாம், பதினோராம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவர். பிரச்சினை பௌதிகப் புவியியலில் வளிமண்டலப் பகுதி. பழைய நோட்ஸை எடுத்துப் பார்த்தேன். எங்கோ ஓர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து யாரோ பெயர்த்து, அதை இன்னொருவர் பார்த்தெழுதி, போட்டோ கொப்பியில் பாதி எழுத்து அழிந்து வந்தது. அதில் 'போன் காற்று' என்று ஒரு தலைப்பு. ஆல்ப்ஸ் மலை, சுவிட்சர்லாந்து, பனி உருகுதல். அவர் அதை மனப்பாடம் செய்திருந்தார். போன் என்பது டெலிபோனோடு சம்பந்தப்பட்டதா என்று ஒரு காலத்தில் யோசித்ததாகவும் சொன்னார்.

"ஜூலை மாசம் உங்க தோட்டத்துல கொழுந்து எப்படி?" என்று கேட்டேன்.

"எங்க சேர், ஒரே மழை. அம்மாவுக்குக் கொழுந்துக்குக் கட்டுற ரெட்டு காயவே காயாது."

"அக்கா பண்டாரவளையிலதானே? அவங்களுக்கு?"

"அங்க காத்து சேர். உடுப்பு போட்டா ஒரு மணித்தியாலத்துல காஞ்சிரும். முகமெல்லாம் வறண்டு போகும்னு சொல்லுவா."

ஹட்டனும் பண்டாரவளையும் ஏறக்குறைய ஒரே உயரம், இரண்டும் 1,200 மீற்றருக்கு மேல். நடுவில் 2,000 மீற்றருக்கு மேல் எழும்புகிற மத்திய மலை. தென்மேல் பருவக்காற்று மேற்கிலிருந்து வந்து ஏறுகிறது; வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுவது இதனால்தான். கொப்பியில் ஒரு மலையை வரைந்து கணக்குப் போட்டோம். 1,200 மீற்றரில் 20 பாகை வெப்பம் உள்ள ஈரக் காற்று 1,000 மீற்றர் மேலே ஏறினால், மழை பெய்துகொண்டே ஏறுவதால், ஏறக்குறைய 6 பாகைதான் குளிரும். உச்சியில் 14. நீரையெல்லாம் இந்தப் பக்கம் கொட்டிவிட்டுக் காய்ந்த காற்றாக அந்தப் பக்கம் இறங்கும்போது அதே 1,000 மீற்றருக்கு 10 பாகை சூடாகும். பண்டாரவளை மட்டத்துக்கு வரும்போது 24. ஒரே உயரம், ஒரே காற்று, 4 பாகை வித்தியாசம்.

டீச்சர் அந்த 24ஐப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப அக்கா வீட்டுல காயிறது எங்க வீட்டு மழையா சேர்?" என்றார்.

ஏறக்குறைய அப்படித்தான். ஈரத்தை ஒரு பக்கம் கொட்டிவிட்டு மறுபக்கம் சூடாக இறங்குகிற இந்த மாதிரிக் காற்றுக்குத்தான் ஆல்ப்ஸ் பக்கத்தில் போன் என்று பெயர். கிழக்கில் கச்சான் என்று சொல்கிற காற்றும் இந்தக் குடும்பம்தான். அந்தப் பக்கம் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருகிற வாசனைக் காலம் ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை வருவதும், இந்தப் பக்கம் திம்புள்ளைத் தேயிலைக்கு அது ஜனவரி தொடங்கி மார்ச் வரை என்பதும், வறண்ட காற்று எந்தப் பக்கம் எப்போது வீசுகிறது என்பதைப் பொறுத்தது. அவருடைய குடும்பம் நாலு தலைமுறையாக இந்தப் பாடத்தை முதுகில் கூடையோடு படித்திருக்கிறது. பரீட்சைக்கு மட்டும் ஆல்ப்ஸ்.

அதற்குப் பிறகு படிப்பு வேறு மாதிரிப் போனது. வீட்டில் சிக்னல் இல்லை; கோயில் மேட்டில் நின்றால் இரண்டு கோடு வரும். இரவு ஏழு மணிக்கு அங்கே போய், அன்றைக்கு எழுதிய விடையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். மகளும் டோர்ச் பிடித்துக்கொண்டு கூடவே போவாள். நான் திருத்தி அனுப்புவேன், அதை அவர் அடுத்த நாள் மேட்டில் ஏறித்தான் பார்ப்பார். கடைசி மூன்று மாதத்தில் நாற்பது விடைகளாவது வந்திருக்கும். கணவரும் இந்த நேரத்தில்தான் இரவுச் சமையலைக் கையில் எடுத்தார். அதைப் பற்றி அவர் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை.

பரீட்சையும் பெறுபேறும்

ஒக்டோபரில் இரண்டு பேப்பரையும் எழுதினார். போன் காற்று வரவில்லை. பருவக்காற்றைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. அதில் ஹட்டன், பண்டாரவளை மலைப்படத்தைக் கேட்காமலேயே வரைந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். புள்ளி கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பெறுபேறு 2025 ஜூனில். இந்தத் தடவை இணையத்தில் போட்டார்கள். கோயில் மேட்டில் நின்றுதான் பார்த்திருக்கிறார். கீழிருந்து மேலாகப் பார்த்தாராம். புவியியல் சி. திரும்ப எழுதுபவர்களுக்குப் பொதுவாக அதற்கு மேல் கொடுப்பதில்லை. இலக்கணம் முதல் தடவையாக எழுதியதால் ஏ. வகுப்புச் சித்தி கிடையாது, இவ்வளவு காலம் கடந்த பிறகு அதைக் கேட்கவும் முடியாது. சாதாரண சித்தி. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்க இனித் தடையில்லை. சம்பளத் தரத்தை மாற்றவும் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதலாம்.

அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப இனிமே பேப்பர் எழுதப் போகத் தேவையில்லையா?" என்று கேட்டாராம். டிப்ளோமாவைப் பற்றி டீச்சர் அப்போது வாய் திறக்கவில்லை.

ஓகஸ்டில் தற்காலிகச் சான்றிதழ் வந்தது. நகலை எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனார். சான்றிதழில் பெயரின் நடுவே அந்த 'எச்' இருந்தது; பணிமனையின் சம்பளக் கோப்பில் இல்லை. எழுதுவினைஞர் கண்ணாடியை இறக்கி, இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார். டீச்சர் பைக்குள் கையை விட்டு, சத்தியக் கடதாசியின் இரண்டாவது பிரதியை எடுத்து நீட்டினார்.